லெஸ்டரில் பிறந்த சாட்சி

இங்கிலாந்துக்குப் போகிறவர்கள் லண்டன் மாநகரத்தைச் சுற்றிப் பார்ப்பதும், ஷேக்ஸ்பியர் பிறந்த ஊருக்கு ஒரு நடை போய் வருவதும், காலமும் கைப்பொருளும் இடங்கொடுத்தால் வடக்கேயுள்ள ஏரிகளின் கரையில் சில தினங்கள் உலாவுவதும் வழக்கமாக இருக்க, நாட்டின் நடுப்பகுதியில், பின்னலாடையும் பாதரட்சையும் செய்து பிழைத்த லெஸ்டர் என்னும் நகரத்தைப் பார்ப்பதற்கென்றே ஒருவன் புறப்படுகிறான் என்றால் கேட்பவர்கள் சற்றுத் திகைக்கத்தான் செய்வார்கள். என்னை அங்கே இழுத்தது தொலைக்காட்சிப் பெட்டி. இராப்போஜனம் முடிந்து அதைத் திறந்தால் ஏதாவதொரு அலைவரிசையில் ஒரு பிரேதம் கிடக்கிறது. அதன்மேல் வெள்ளை அங்கி தரித்த ஒருவர் குனிந்து, இடுக்கியால் ஒரு தலைமயிரை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார். விளம்பர இடைவேளை முடிந்து நாம் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்புவதற்குள் அந்த மயிருக்கு உரியவனுடைய பெயரும் விலாசமும் புகைப்படமும் ஒரு கணினித் திரையில் வந்து நிற்கின்றன. உலகம் முழுவதும் ஜனங்கள் இரவு தோறும் பார்த்து வியக்கும் இந்த அற்புதத்துக்கு மூலஸ்தானம் எது என்று விசாரித்தால், மரபணு அடையாளம் என்ற அளவில் அது லெஸ்டர் பல்கலைக்கழகம் என்று தெரிய வருகிறது. அந்த மூலஸ்தானத்தில் நடந்தவற்றுக்கும் திரையில் காண்பவற்றுக்கும் எவ்வளவு தூரம் என்று நேரில் போய் அளந்து பார்க்க வேண்டுமென்ற ஆவல் எனக்கு வெகுநாளாக இருந்தது.

லண்டன் செயின்ட் பாங்க்ராஸ் நிலையத்தில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான பிரயாணம். லெஸ்டர் நிலையத்துக்கு வெளியே வந்தவுடன் பெட்டியும் குடையுமாக நிற்கும் ஒரு கனவானின் சிலை நம்மை வரவேற்கிறது. அவர்தான் தாமஸ் குக். உல்லாசப் பிரயாணத்தை ஒரு வியாபாரமாக்கி, நம்மைப் போன்றவர்கள் ஊர் ஊராய்ச் சுற்றுவதற்கு வழிசெய்த மகானுபாவர். 1841 ஜூலை 5ந் தேதி, ஆளுக்கு ஒரு ஷில்லிங் வாங்கிக்கொண்டு, ஏறத்தாழ ஐந்நூறு பேரை இந்த ஊரிலிருந்து லாஃப்பரோ என்ற பக்கத்து ஊருக்கு ரயிலில் ஏற்றிச் சென்றார். போன காரியம் மதுவிலக்குப் பிரசாரக் கூட்டம். இந்த மதுவிலக்குச் சமாசாரத்தை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

என் தமையனாரின் குமாரன் அந்தப் பல்கலைக்கழகத்தில் உயிரியல் ஆராய்ச்சி மாணவன். அவன் என்னை எதிர்கொண்டு அழைத்து, லண்டன் ரோடு வழியாகவே மேட்டில் நடத்தி, விக்டோரியா பூங்காவில் நிற்கும் யுத்த நினைவு வளைவைக் காட்டினான். புதுதில்லியில் இந்தியா கேட்டை அமைத்த அதே லட்யன்ஸ் கட்டியது. பல்கலைக்கழகமே ஒரு யுத்த நினைவுச் சின்னந்தான். முதல் உலகப் போரில் மாண்டவர்களுக்காக 1921ல் ஊரார் நிதி திரட்டி அமைத்த கலாசாலை பிற்காலத்தில் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. அவர்களுக்குக் கிடைத்த முதற் கட்டடமோ பைத்தியக்கார ஆஸ்பத்திரியாக இருந்தது. சித்தம் கலங்கியவர்களை அடைத்து வைத்த சுவர்களுக்குள்ளே பிறகு வித்தியாப்பியாசம் நடந்தது என்பதில் நகைப்பதற்கு ஒன்றுமில்லை என்றாலும், பையன் அதைச் சொல்லும்போது நகைத்துக்கொண்டேதான் சொன்னான்.

இங்கேதான் 1977ல் அலெக் ஜெஃப்ரீஸ் என்ற இளம் விஞ்ஞானி வந்து சேர்ந்தார். அவர் கொலையாளிகளைப் பிடிக்கும் உபாயத்தைத் தேடிக்கொண்டிருந்தார் என்று யாரும் எண்ண வேண்டாம். தசைகளில் பிராணவாயுவைச் சேமித்து வைக்கும் மயோகுளோபின் என்ற புரதத்துக்கு உரிய மரபணுவைக் கடல்நாயிடத்தும் மனிதனிடத்தும் ஒப்பிட்டு ஆராயும்போது, அந்த மரபணுவின் நடுவே ஒரு சிறு வரிசை திரும்பத் திரும்ப வருவதையும், அத்தகைய வரிசைகள் மனித மரபணுத் தொகுதியில் பல இடங்களில் சிதறிக் கிடப்பதையும், எந்த இடத்தில் எத்தனை தடவை திரும்புகிறது என்பது ஆளுக்கு ஆள் மாறுவதையும் அவர் கண்டுகொண்டார். 1984 செப்டம்பர் 10ந் தேதி, திங்கட்கிழமை காலை ஒன்பது மணி ஐந்து நிமிஷத்துக்கு, இருட்டறையிலிருந்து ஒரு எக்ஸ்ரே படச்சுருளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். ஆய்வகத்து உதவியாளர் ஒருவரின் குடும்பத்தைச் சேர்ந்த மூவருடைய மரபணுவும், அதோடு சில மிருகங்களுடையதும், புகையிலைச் செடியினுடையதும்கூட, அதில் பக்கத்தில் பக்கத்தில் ஓட விடப்பட்டிருந்தன. பத்தமடைப் பாயில் கறுப்புக் கோடுகள் நெருங்கியும் விலகியும் அடுக்கி வருமே, அப்படிப்பட்ட கோடுகள் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு கிரமத்தில் அதில் விழுந்திருந்தன. குழந்தையின் கோடுகளில் ஏறக்குறையப் பாதி தாயினிடத்தும் மற்றப் பாதி தந்தையினிடத்தும் காணப்பட்டன. முதலில் குழப்பமாகத் தோன்றிய அந்தப் படம் சில நிமிஷங்களுக்குள்ளேயே தன் பொருளை வெளியிட்டுவிட்டது என்று அவரே பிற்காலத்தில் பலமுறை கூறியிருக்கிறார். உலர்ந்துபோன ரத்தக் கறையிலும் இந்த அடையாளம் நிலைக்குமா என்று அறிவதற்காக, அவர் தம்மையே கீறிக்கொண்டு ஆய்வகத்தில் அங்கங்கே ரத்தச் சொட்டுகளை விட்டுவைத்துப் பிறகு அவற்றை எடுத்துப் பரிசோதித்தார் என்பதும் அவர் வாய்மொழியே. குற்றம் நடந்த ஸ்தலத்தைத் தாமே சிருஷ்டித்துக்கொண்ட முதல் துப்பறிவாளர் அவராகத்தான் இருக்க வேண்டும்.

"சித்தப்பா, டிவியில் இந்த இடத்தை ஒரு நிமிஷத்தில் காட்டிவிடுவார்கள். நிஜத்தில் ஃபிலிமில் ஒரு பேண்ட் தெரிய எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் தெரியுமா?" என்றான் பையன். அந்தக் காலத்து முறைக்கு நிறைய ரத்தம் வேண்டும், கெடாத மரபணு வேண்டும், கதிரியக்கம் ஊட்டிய துணுக்கு வேண்டும், அதன் தடம் படச்சுருளில் பதிவதற்குப் பல தினங்கள் வேண்டும். இப்போது பிசிஆர் என்னும் பெருக்கும் முறை வந்து, கண்ணுக்குத் தெரியாத துளியே போதும் என்ற நிலை ஏற்பட்டிருக்கிறது. ஆயினும் ஆய்வகத்து அறிக்கைகளில் 'இது இவனுடையதுதான்' என்று அடித்துச் சொல்லும் வழக்கம் இன்றைக்கும் இல்லையாம். "இவரை விலக்க முடியவில்லை என்று எழுதுவார்கள், சம்பந்தமில்லாத இன்னொருவருக்கு இதே அடையாளம் அமைவதற்கு இத்தனை கோடியில் ஒரு வாய்ப்பு என்று கணக்குப் போட்டுக் கொடுப்பார்கள். அவ்வளவுதான் சித்தப்பா" என்று அவன் சொன்னபோது, நம் தர்க்க சாஸ்திரக்காரர்கள் பிரத்தியட்சத்தையும் அனுமானத்தையும் வேறு வேறாக வைத்ததன் அருமை எனக்கு விளங்கிற்று. படச்சுருளில் கோடு தெரிவது பிரத்தியட்சம்; அது இன்னானுடையது என்பது அனுமானம்; அவன்தான் கொன்றான் என்பது அதற்கும் அப்பாற்பட்ட இன்னோர் அனுமானம். தொலைக்காட்சியில் இந்த மூன்றும் ஒன்றாக உருகிவிடுகின்றன.

இந்தக் கண்டுபிடிப்பு முதன்முதலில் மனிதர் வாழ்க்கைக்குள் புகுந்தது கொலை வழக்கின் வழியாக அன்று. 1985ல், இங்கிலாந்தில் பிறந்து கானா தேசத்துக்குப் போயிருந்து திரும்பி வந்த ஒரு சிறுவனை, இவன் அந்தத் தாயின் மகன்தானா, அல்லது அவளுடைய உறவினர் பிள்ளையா என்று சந்தேகித்துக் குடியேற்ற இலாகா தடுத்து வைத்தது. தகப்பனாரோ பரிசோதனைக்குக் கிடைக்கவில்லை. தாயினுடைய கோடுகளையும், சந்தேகத்துக்கு இடமில்லாத மற்ற மூன்று குழந்தைகளுடைய கோடுகளையும் கொண்டு, காணாத தகப்பனாரின் கோடுகளை அனுமானித்து, இவன் அந்தக் குடும்பத்துப் பிள்ளையே என்று ஜெஃப்ரீஸ் ருசுப்படுத்தினார். தாயும் மகனும் சேர்ந்தார்கள். நம் நாட்டிலும் ஆரம்பம் ஏறக்குறைய இவ்வண்ணமே அமைந்தது ஒரு விசேஷம். ஹைதராபாத்தில் லால்ஜி சிங் என்ற அறிஞர், கட்டுவிரியன் இனத்துப் பாம்பொன்றின் மரபணுவிலிருந்து எடுத்த துணுக்கை வைத்துக்கொண்டு சுதேசியாகவே இந்த முறையை உண்டாக்கியபோது, அது முதலில் நீதிமன்றம் ஏறியது கேரளத்துத் தலச்சேரியில் ஒரு குழந்தைக்குத் தந்தை யார் என்ற வழக்கில். 1991ல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தியைக் கொன்ற பெண்ணின் அடையாளத்தை உறுதி செய்வதிலும் அவருடைய பரிசோதனை உதவியது.

குடியேற்றம் என்றதும் பெல்கிரேவ் ரோட்டைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. ஊருக்கு வடக்கே செல்லும் அந்த வீதியில் புடவைக் கடைகளும் நகைக் கடைகளும் மிட்டாய்க் கடைகளும் வரிசையாக நிற்கின்றன. தீபாவளிக்கு அங்கே ஏற்றும் விளக்கலங்காரத்தைக் காண வெளியூர்களிலிருந்தெல்லாம் ஜனங்கள் திரள்கிறார்கள். 1972ல் உகாண்டாவின் இடி அமீன் அங்கிருந்த இந்தியர்களை விரட்டியபோது, லெஸ்டர் நகர சபையார் உகாண்டாப் பத்திரிகையில் பணம் கொடுத்து விளம்பரம் செய்தார்கள்: எங்கள் ஊரில் இடமில்லை, இங்கே வராதீர்கள் என்று. விளம்பரத்தைக் கண்டு, இப்படி ஓர் ஊர் இருக்கிறதென்று தெரிந்துகொண்டவர்களும் வந்துவிட்டார்கள் என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. இன்று அந்த ஊருக்கு வெளிச்சம் கொடுப்பது அவர்களுடைய தீபாவளி.

மறுநாள் பர்மிங்ஹாம் போகும் சிறு ரயிலில் ஏறி நார்பரோ என்ற கிராமத்தில் இறங்கினோம். லெஸ்டருக்குத் தென்மேற்கே ஆறு மைலில், ரயில்வே கேட்டும், பழைய கோயிலும், செங்கல் வீடுகளுமாக, சந்தடியில்லாத இடம். பக்கத்தில் எண்டர்பி, லிட்டில்தார்ப் என்னும் வேறு இரண்டு கிராமங்கள். மரபணு விஞ்ஞானம் கொலை வழக்கில் முதன்முதல் சாட்சி சொன்னது இந்த மூன்று கிராமங்களின் விஷயமாகத்தான்.

1983 நவம்பரில், இங்குள்ள மனநோய் மருத்துவமனையை ஒட்டிய ஒற்றையடிப் பாதையில் பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி பலாத்காரம் செய்யப்பட்டுக் கொல்லப்பட்டாள். இரண்டரை ஆண்டு கழித்து, 1986 ஜூலை கடைசியில், எண்டர்பிப் பக்கத்துப் பாதையில் அதே வயதுடைய மற்றொரு பெண்ணுக்கு அதே கதி நேர்ந்தது. அவர்களுடைய பெயர்களை நான் இங்கே எழுதவில்லை. தொலைக்காட்சிக்காரர்கள் வேண்டிய மட்டும் எழுதிவிட்டார்கள். அந்த மருத்துவமனையின் சமையற்கட்டில் எடுபிடி வேலை செய்த பதினேழு வயதுப் பையன் ஒருவனைப் போலீசார் பிடித்தார்கள். அறிவு வளர்ச்சியில் பின்தங்கியவன் என்று எண்ணப்பட்ட அவன், விசாரணையில் இரண்டாவது கொலையைத் தானே செய்ததாக ஒப்புக்கொண்டான். முதலாவதை மட்டும் மறுத்தான். இரண்டையும் செய்தவன் ஒருவனே என்பதில் போலீசாருக்குச் சந்தேகம் இல்லாமையால், விசாரணைக்குத் தலைமை வகித்த டேவிட் பேக்கர் என்ற அதிகாரி, சில மைல் தொலைவிலிருந்த ஜெஃப்ரீஸை நாடினார். முதற் கொலையும் இவன் செய்ததே என்று விஞ்ஞானம் நிரூபித்துத் தரும் என்பது எதிர்பார்ப்பு.

விஞ்ஞானம் சொன்ன பதில் வேறு. இரண்டு பெண்களையும் கெடுத்தவன் ஒருவனேதான். ஆனால் அவன் இந்தப் பையன் அல்லன். ஜெஃப்ரீஸுக்கே தம் முறையில்தான் ஏதோ கோளாறு என்று முதலில் தோன்றியதாம். உள்நாட்டு இலாகாவின் தடயவியல் ஆய்வகத்தார் மறுபடியும் பரிசோதித்தார்கள்; அதே விடைதான் வந்தது. ஒப்புதல் வாக்குமூலம் என்பது சாட்சியங்களுக்கெல்லாம் மகுடம் என்று கருதப்பட்டு வந்த காலத்தில், குற்றம் சாட்டப்பட்டவனே தன் வாயால் சொன்னது பொய், ஒரு படச்சுருளில் விழுந்த கோடுகள் மெய் என்று ஏற்பதற்குப் போலீசாருக்கு எவ்வளவு மனத்திடம் வேண்டியிருந்திருக்கும் என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். அவர்கள் ஏற்றார்கள். 1986 நவம்பரில் பையன் விடுதலை பெற்றான். மரபணுச் சாட்சியம் கொலை வழக்கில் செய்த முதற் காரியம், நிரபராதி ஒருவனைச் சிறையிலிருந்து மீட்டதே.

அப்படியானால் குற்றவாளி யார்? கோடுகள் இருந்தன, அவற்றுக்கு உரியவனுடைய பெயர் அவற்றில் எழுதியிருக்கவில்லை. ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு அன்று எந்தத் தரவுத்தளமும் கிடையாது. தேசிய மரபணுத் தரவுத்தளம் 1995ல்தான் பிறந்தது. ஆகவே 1987 ஜனவரியில், அந்த மூன்று கிராமங்களிலும் சுற்றுப்புறத்திலும் உள்ள பதினேழு முதல் முப்பத்துநான்கு வயது வரையிலான ஆண்மக்கள் அனைவரும் தாமாக முன்வந்து ரத்தமும் உமிழ்நீரும் கொடுக்க வேண்டுமென்று போலீசார் கேட்டுக்கொண்டார்கள். ஐயாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் கொடுத்தார்கள். முதலில் பழைய ரத்தப் பிரிவுச் சோதனை; குற்றவாளியின் பிரிவோடு ஒத்தவர்கள், அதாவது ஏறக்குறையப் பத்தில் ஒருவர், மரபணுச் சோதனைக்கு. மாதங்கள் சென்றன, செலவு ஏறிற்று, ஒருவனும் அகப்படவில்லை.

அவன் அகப்பட்ட விதத்தைக் கேட்டால், மேலே நினைவில் வைக்கச் சொன்ன தாமஸ் குக் என்னை மன்னிக்க வேண்டியிருக்கும். 1987 ஆகஸ்டில் லெஸ்டரில் ஒரு மதுக்கடையில், ரொட்டிக் கிடங்கு ஒன்றின் பணியாளர்கள் சேர்ந்து குடித்துக்கொண்டிருக்கையில், அவர்களுள் ஒருவன், காலின் பிட்ச்ஃபோர்க் என்ற சக தொழிலாளிக்காகத் தான் போய் ரத்தம் கொடுத்ததைப் பேச்சுவாக்கில் உளறிவிட்டான். பிட்ச்ஃபோர்க் தன் பாஸ்போர்ட்டில் இவனுடைய புகைப்படத்தை ஒட்டி, ஏதோ சாக்குச் சொல்லி, இவனை அனுப்பியிருந்தான். கேட்டுக்கொண்டிருந்த ஒரு பெண்மணி சில வாரங்கள் மனத்துக்குள் போராடி, கடைசியில் போலீசுக்குச் சொன்னாள். செப்டம்பர் 19ந் தேதி பிட்ச்ஃபோர்க் கைதானான், குற்றத்தை ஒப்புக்கொண்டான், அதற்குப் பிறகுதான் அவனுடைய ரத்தம் பரிசோதிக்கப்பட்டு, கோடுகள் பொருந்தின. 1988 ஜனவரி 22ந் தேதி அவனுக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. அவன் குற்றத்தை ஏற்றமையால், உலகப் பிரசித்தி பெற்ற அந்த வழக்கில் விஞ்ஞானச் சாட்சியம் குறுக்கு விசாரணைக்கே ஆளாகவில்லை.

ரயில்வே கேட்டருகே ரயிலுக்குக் காத்திருந்தபோது நான் கணக்குப் பார்த்தேன். இரண்டு கொலைகளையும் ஒருவனோடு முடிச்சுப் போட்டது விஞ்ஞானம். நிரபராதியை விடுவித்தது விஞ்ஞானம். பரிசோதனைக்கு அஞ்சி ஆள்மாறாட்டம் செய்யும்படி குற்றவாளியைத் துரத்தியதும் விஞ்ஞானமே. பிடித்துக் கொடுத்தது மட்டும் ஒருவனுடைய குடிபோதையும் ஒருத்தியினுடைய மனச்சாட்சியும். அந்தப் பெண்மணி வாய் திறவாதிருந்தால், ஐயாயிரம் பேருடைய ரத்தமும் கோப்புகளில் கிடந்து மங்கியிருக்கும்.

அன்றிரவு பையனுடைய ஜாகையில், இந்தக் கதையைப் பற்றிய நாடகத்தைப் போட்டுப் பார்த்தோம். 'கோட் ஆஃப் எ கில்லர்' என்ற பெயரில் 2015 ஏப்ரலில் ஐடிவி ஒளிபரப்பியது. ஜெஃப்ரீஸாக ஜான் சிம்மும், பேக்கராக டேவிட் த்ரெல்ஃபாலும் நடிக்கிறார்கள். குறை சொல்ல மனம் வரவில்லை. ஆரவாரமில்லாத நடிப்பு, மிகையில்லாத வசனம். அந்த நிரபராதிப் பையனுடைய விடுதலையையும் மதுக்கடைப் பேச்சையும் அவர்கள் மறைக்கவில்லை. என்றாலும், நாலாண்டுக் காலத்துக் காத்திருப்பைச் சில மணி நேரத்துக்குள் மடக்கும்போது, எது உண்மையில் பெரிதாக இருந்ததோ, அந்தக் காத்திருப்புத்தான் முதலில் கழிந்து போகிறது. நாடகக் கலைக்கு அது இயல்பான தண்டனை. அவர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நான் தயாரில்லை.

கூண்டில் ஏற்ற வேண்டியவர்கள் வேறு. அமெரிக்காவில் சிபிஎஸ் நிறுவனத்தார் 2000 அக்டோபரில் தொடங்கி 2015 வரை நடத்திய 'சிஎஸ்ஐ' தொடரில், லாஸ் வேகாஸ் நகரத்துத் தடயவியல் நிபுணர்களே குற்றம் நடந்த ஸ்தலத்துக்கும் போகிறார்கள், ஆய்வகத்தில் பரிசோதனையும் செய்கிறார்கள், சந்தேகப்பட்டவனை எதிரே உட்கார்த்தி வைத்துக் குடைந்தும் எடுக்கிறார்கள். தடயத்தைப் பொறுக்குகிறவர் ஒருவர், அதைச் சீல் வைத்துக் கொண்டுபோகிறவர் ஒருவர், அது யாருடையதென்று அறியாமலே பரிசோதிக்கிறவர் மற்றொருவர் என்று வேலையைப் பிரித்து வைத்ததன் கருத்தே, ஒருவருடைய ஊகம் மற்றொருவருடைய முடிவைக் கறைப்படுத்தக் கூடாது என்பதுதான் என்பதைத் தொடர்காரர்கள் அறியாதவர்கள் அல்லர்; மூன்று நடிகர்களுக்குப் பதிலாக ஒருவரைக் கொண்டு முடித்தால் கதை விறுவிறுப்பாக ஓடும் என்று தெரிந்தே செய்தார்கள். நம் நாட்டில் 1998 முதல் சோனியில் ஓடிய 'சிஐடி'யோ இன்னும் ஒரு படி மேலே போயிற்று. அங்கே டாக்டர் சாலுங்கே சோதனைக் குழாயை ஆட்டிக் காட்டுவதற்கும், இன்ஸ்பெக்டர் தயா கதவை உடைப்பதற்கும் நடுவே அதிக அவகாசம் இருப்பதில்லை. ஆனால் சிஐடியை யாரும் நிஜமென்று நம்பியதாகத் தெரியவில்லை. அதுவே அதன் பெருமை. சிஎஸ்ஐயின் ஆபத்து அது நிஜம்போல் இருப்பதில் அடங்கியிருக்கிறது.

இதனால் நீதிக்குக் கேடு உண்டா என்று அமெரிக்காவில் பெரிய விவாதம் எழுந்தது. மிச்சிகன் மாநிலத்து நீதிபதி டொனால்ட் ஷெல்டன் 2006ல், ஜூரிகளாக அழைக்கப்பட்ட ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களிடம் விசாரித்தார். எந்தக் குற்ற வழக்கானாலும் ஏதாவதொரு விஞ்ஞானச் சாட்சியத்தை எதிர்பார்ப்போம் என்றவர்கள் 46 சதவிகிதம். எல்லாக் குற்ற வழக்கிலும் மரபணுச் சாட்சியத்தையே எதிர்பார்ப்போம் என்றவர்கள் 22 சதவிகிதம். ஆயினும் சிஎஸ்ஐ பார்க்கிறவர்களுக்கும் பாராதவர்களுக்கும் தீர்ப்புச் சொல்லும் முறையில் சொல்லத்தக்க வேற்றுமை இல்லை என்றும் அவர் கண்டார். ஆகவே, ஒரு தொடரைக் குற்றம் சொல்லி ஓய்ந்துவிட முடியாது. காலமே அப்படி ஆகிவிட்டது.

இந்தக் காலத்து மயக்கத்துக்குப் போலீசாரும் விலக்கல்லர். ஜெர்மனியில் ஹைல்ப்ரான் என்ற ஊரில் 2007ல் ஒரு பெண் போலீஸ்காரர் சுட்டுக் கொல்லப்பட்டபோது அங்கே கிடைத்த மரபணு, அந்நாட்டிலும் ஆஸ்திரியாவிலும் பிரான்சிலுமாக நாற்பது இடங்களில், கொலை முதல் சில்லறைத் திருட்டு வரை, ஒரே பெண்ணினுடையதாகக் காணப்பட்டது. அந்த மாயப் பெண்ணைப் பிடித்துக் கொடுப்பவர்களுக்கு 3 லட்சம் யூரோ சன்மானம் என்று அறிவித்தார்கள். 2009ல் உண்மை வெளிப்பட்டது: தடயம் துடைத்தெடுக்கப் பயன்படும் பஞ்சுக் குச்சிகளைத் தொழிற்சாலையில் கட்டி அனுப்பிய ஒரு தொழிலாளியின் மரபணுதான் எல்லா இடத்திலும் போய் ஒட்டியிருந்தது. கிருமி நீக்கம் செய்த குச்சி, மரபணு நீங்கிய குச்சி அன்று. இதைத் தொடராக எடுத்தால் பார்ப்பவர்கள், கதாசிரியனுக்குக் கற்பனை வறட்சி என்று ஏசுவார்கள்.

லெஸ்டரைவிட்டுப் புறப்படுமுன், ஊர் நடுவே கதீட்ரலுக்கு எதிரேயுள்ள மூன்றாம் ரிச்சர்ட் மன்னரின் காட்சிசாலைக்குப் போனோம். 1485 ஆகஸ்ட் 22ந் தேதி பாஸ்வொர்த் போர்க்களத்தில் மாண்ட அந்த அரசரைச் சாம்பல்நிற அங்கித் துறவிகளின் மடத்தில் புதைத்ததாக நூல்கள் கூறின; மடமே அழிந்து, அவ்விடம் நகர சபை அலுவலகத்தின் வாகன நிறுத்துமிடமாகிவிட்டது. 2012 ஆகஸ்டில் தோண்டத் தொடங்கிய முதல் நாளிலேயே கால் எலும்பு தென்பட்டது. கண்ணாடித் தளத்தின் கீழே அந்தக் குழியை இன்று காணலாம். முதுகெலும்பு வளைந்த உடல். போரில் பட்ட காயங்கள் பதினொன்று, அவற்றுள் ஒன்பது மண்டையில். எலும்பின் வயதைக் கணித்தால் முதலில் அரசர் இறந்ததற்கு முந்திய காலம் வந்தது. கடல் மீன் மிகுதியாக உண்டவர்களின் எலும்பு பழமையாகத் தோன்றும் என்பதை உணர்ந்து கணக்கைத் திருத்தியபின் காலம் பொருந்திற்று. அரசரின் தமக்கை வழியில், தாய் மகள் பேத்தி என்று இறங்கிவந்த மரபில் உயிரோடிருந்த இருவருடைய மரபணு ஒத்துப்போயிற்று. ஆண்வழி உறவினர்களுடையதோ ஒத்துப்போகவில்லை. இடையில் எங்கோ ஒரு தலைமுறையில் தகப்பன் பெயர் வேறு, தகப்பன் வேறு என்று ஆகியிருக்கிறது. ராஜவம்சத்து விஷயத்தில் இப்படியொரு சங்கடமான செய்தியை மூடிவைக்க விஞ்ஞானிகளுக்கு எவ்வளவோ வசதி இருந்தும், 2014 டிசம்பரில் அதையும் சேர்த்தே பிரசுரித்தார்கள். மரபணு, எலும்பு, காயம், இடம், காலம் அனைத்தையும் ஒருங்கே சீர்தூக்கி, இவர் ரிச்சர்ட் என்பதற்கு 99.999 சதவிகிதம் சாத்தியம் என்றார்கள். நூறு என்று சொல்லவில்லை. 2015 மார்ச் 26ந் தேதி கதீட்ரலில் நடந்த மறு அடக்கத்தைத் தொலைக்காட்சி நேரடியாக ஒளிபரப்பியது. இந்த ஒரு சமயத்தில் கேமரா அவசரப்படவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

மாலையில் பையனிடம் விடைபெற்றுக்கொண்டு, விமானம் ஏறுவதற்காகப் பர்மிங்ஹாம் சென்றேன். அந்த நகரத்தில்தான் இங்கிலாந்து அரசாங்கத்தின் தடயவியல் சேவை நிலையத்துக்குத் தலைமை அலுவலகம் இருந்தது. பிட்ச்ஃபோர்க் வழக்கில் மறுபரிசோதனை செய்தவர்களும், ஐயாயிரம் பேருடைய ரத்தத்தைப் பொறுமையாகச் சலித்துப் பார்த்தவர்களும் அந்தச் சேவையின் முன்னோர்களே. தேசிய மரபணுத் தரவுத்தளத்தைக் கட்டியவர்களும் அவர்களே. மாதம் 20 லட்சம் பவுன் நஷ்டம் என்று கணக்குக் காட்டி, 2010 டிசம்பரில் அதை மூடுவதாக அரசாங்கம் அறிவித்தது. விஞ்ஞானிகள் பலர் ஆட்சேபித்தும் பயனில்லை. வேலை தனியார் கம்பெனிகளுக்கும் போலீசாரின் சொந்த ஆய்வகங்களுக்கும் பங்கிடப்பட்டது. 2012 மார்ச்சில் அதன் கதவுகள் சாத்தப்பட்டபோது, அமெரிக்கத் தொலைக்காட்சியில் சிஎஸ்ஐ தன் பன்னிரண்டாவது பருவத்தை நடத்திக்கொண்டிருந்தது.